பதினான்கு விதிகளும் ஒரு பிளக்கும்

எங்கள் வீட்டில் கூர்முனை என்று ஒன்று கிடையாது. கட்டில், செருப்பு அலமாரி, காய் நறுக்கும் பலகை, நான் லேப்டாப் வைத்து வேலை பார்க்கும் மேசை, எல்லாவற்றின் விளிம்பும் வழுவழுவென்று உருண்டிருக்கும். வருகிறவர்கள் தடவிப் பார்த்துவிட்டு எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். கடையாவது ஒன்றாவது, எல்லாம் என் மனைவியின் கைவேலை. "இந்த வீட்டுல இன்னும் உருட்டாம மிச்சம் கெடக்கது இவிய நாக்கு ஒண்ணுதான்" என்று என்னைக் காட்டிச் சொல்லுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

நாக்கைப் பற்றி அவள் சொல்வதில் பிழை இல்லை. நான் திருநெல்வேலிக்காரன். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் மண்டையை உடைத்து எழுதியதை வாங்கி, எங்கே ஓட்டை, எங்கே உடையும் என்று கண்டுபிடித்துச் சொன்னால் மாதச் சம்பளம். இருபது வருஷம் இதையே செய்தவன் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தியைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி மாட்ட முடியுமா? சாம்பாரிலும் ஓட்டை தெரியும். தெரிந்தால் வாய் சும்மா இருக்காது.

அவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் திருவனந்தபுரத்தில், கரமனைப் பக்கம். தாத்தா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பம். வாயைத் திறந்தால் பாதி நாஞ்சில் தமிழ், மீதி மலையாளம். ஒரு லேபில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. பெரியவர்களுக்கு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கொழுகொழுவென்று இருக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு நரம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அவள் இடது கை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்துவாள். அங்கே ஊசி போட்டால் இரண்டாவது குத்துக்கு அவசியமே வராது. லேப் வாசலில் வந்து நின்று, "ஆ சேச்சி உண்டோ? இல்லெங்கில் நாளெ வராம்" என்று கேட்டு, அந்த அக்கா இல்லையென்றால் நாளை வருவதாகத் திரும்பிப் போகும் அம்மாமார்களை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டிலும் கைவேலை எல்லாம் அவள் பொறுப்புதான். குழாய் ஒழுகினாலும், கதவு இழுத்துக்கொண்டாலும் அவளே ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பாள். நான் ஆணி அடித்தால் சுவர்க் காரை வந்துவிடும், ஆணி நிற்காது. அதனால் எனக்கு மேற்பார்வை உத்தியோகம். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

ரவுட்டர் என்கிற மரவேலை மெஷின் வீட்டுக்கு வந்த கதை இது. எங்கள் கட்டிலின் கால்மாட்டு மூலையில் அவள் முழங்காலை இடித்துக்கொள்வது வழக்கம். மூன்றாவது முறை இடித்தபோது, கட்டிலை இடம் மாற்றாமல் விட்டது யார் பிழை என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். கதவுக்குக் கொண்டி வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது ஒரு பச்சைப் பெட்டி. உள்ளே, ஒரு கையில் பிடிக்கிற அளவில் குட்டி மோட்டார். அதன் அடியில் பிட் என்கிற சிறு வெட்டுளி ஒன்றைப் பொருத்திச் சுழலவிட்டு, மரத்தின் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் கூர் விளிம்பு உருண்டு வரும். வேறு பிட் போட்டால் பள்ளம் தோண்டும். கொண்டியை மறந்துவிட்டு வந்திருந்தாள்.

"யாரு தந்தது இத உனக்கு?"

"கடை அண்ணாச்சிதான். உங்க ஊருக்காரரு. இதக் கொண்டு ஓரத்த எடுத்தா பின்ன முட்டு இடிச்சாலும் வலிக்காதுன்னு சொன்னாரு."

"எங்க ஊருக்காரன் எதையும் விப்பான்."

"பொண்ணும் தருவாங்க, மாப்பிள்ளையும் தருவாங்க, அதெல்லாம் நல்லா பரிசோதிச்சு வாங்கிருக்கணும். மெஷின் குற்றம் இல்ல."

சமையலறைக்குப் பின்னால் கம்பி அடித்து மறைத்த இடத்தை இங்கே எல்லா வீட்டிலும் வொர்க் ஏரியா என்பார்கள். தேங்காய் உடைப்பதும் மீன் கழுவுவதும் துணி காயப்போடுவதும் அங்கேதான். அங்கே ஒரு பழைய மேசையைப் போட்டு, சமையலறையில் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருக்கிற சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து மேசைக்கடியில் வைத்து, அவள் மெஷினை ஓட்டினாள். அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டபோது உள்ளேயிருந்து ஓடி வந்தேன். ஆயிரம் வண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் அப்படி இருக்கும். அந்த வெட்டுளியிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல்.

எனக்கு அன்றைக்கு வந்த பயம் அந்த விரலைப் பற்றியதுதான். மரம் போனால் மரம். கட்டில் போனால் புதுக் கட்டில். அந்த விரலின் நுனி ஒரு நூல் அளவு போனால் அவள் வேலை போச்சு, லேப் வாசலில் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது குத்து, மூன்றாவது குத்து. இதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஏளா, உன் விரலை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று ஒரு வரி. அதைச் சொல்ல வாய் வராதவன், அதற்குப் பதிலாகப் பதினான்கு விதிகள் எழுதினேன்.

அலுவலக பிரிண்டரில் பெரிய எழுத்தில் அடித்து, மழைச் சாரல் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வொர்க் ஏரியா சுவரில் ஒட்டினேன். முதல் விதி, பிட்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு. அதன் கீழே கண்ணாடி, மாஸ்க், காது மூடி, பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குவது, ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, பிட் சுழன்று நிற்கும் வரை மெஷினைக் கீழே வைக்காதது என்று வரிசையாக இருந்தது. இணையத்தில் மூன்று நாள் படித்துச் சேர்த்தவை.

அவள் இடுப்பில் கைவைத்து முழுவதும் வாசித்தாள்.

"நல்லா இருக்கு. இதுல எனக்குத் தெரியாதது எதுன்னு சொல்லுங்க."

"எல்லாம் தெரிஞ்சாலும் கண்ணு முன்னால இருக்கணும்."

"செரி. பதிமூணும் பதினாலும் ஒண்ணுதானே? ரெண்டு தடவ எழுதிருக்கிய."

பார்த்தேன். ஒன்றுதான். ரிப்போர்ட் நீளமாக இருந்தால் மேலே உள்ளவர்கள் மதிப்பார்கள் என்ற பழக்கம். அவள் பேனாவை எடுத்துப் பதினான்கின் மேல் ஒரு கோடு போட்டாள். இருந்தாலும் அவள் வாயில் அது இன்றைக்கும் பதினாலு விதிதான்.

விதியோடு நிறுத்தினேனா? சாலை பஜாரில் தேடி, முழங்கை வரைக்கும் வருகிற தோல் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு உண்டா என்று நினைத்துக்கொண்டு நீட்டினேன். அவள் வாங்கவே இல்லை.

"இதப் போட்டா ஆபத்து."

"கையுறை ஆபத்தா? லேப்ல தினமும் போடுதல்லா?"

"அங்க ஒண்ணும் சுத்தாது. இது நிமிஷத்துக்கு எத்தனை ஆயிரம் தடவ சுத்துதுன்னு உங்க பேப்பர்லயே எழுதிருக்கிய. உறையோட ஒரு ஓரம் பிட்டுல மாட்டுனா போரும், உறையயும் இழுக்கும், உள்ள உள்ள கையயும் இழுக்கும். வெறும் கைன்னா பட்ட எடத்தோட போவும். கையப் பிட்டுப் பக்கத்துல கொண்டு போவாம இருக்கதுதான் பாதுகாப்பு."

போய் மறுபடியும் படித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்தக் கையுறை இப்போது குக்கர் இறக்க உதவுகிறது.

இன்னொரு நாள் அவள் அலமாரித் தட்டு ஒன்றுக்கு ஓரம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டுக் கைலியோடு, தோளில் ஈரத் தோர்த்துத் துண்டோடு மேற்பார்வைக்கு வந்தேன். பிட் சரியான ஆழத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சத்தம் சட்டென்று நின்றது. பிட் சுழன்று ஓயும் வரை அவள் மெஷினைக் கையிலேயே பிடித்திருந்தாள். பிறகு மெஷினைச் சாய்த்து வைத்துவிட்டு, என் தோளிலிருந்த தோர்த்தை உருவி, விதிகள் ஒட்டிய சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். அது என் காகிதத்தின் மேல் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கியது.

"நாலாவது விதி என்ன?"

"தொங்குற துணி எதுவும் மெஷின் பக்கத்துல வரக்கூடாது."

"அது யாருக்கு, எனக்கு மட்டுமா? ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்த் தொட்டியில விழுமாம் துள்ளி."

பல்லிப் பழமொழி அதிலிருந்து எங்கள் வீட்டில் நிரந்தரக் குடியாகிவிட்டது. நான் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மிக்சர் தின்றால் பல்லி. ஹெல்மெட் போடச் சொல்லிவிட்டு நான் மறந்தால் பல்லி. முழுதாகச் சொல்லக்கூட மாட்டாள், நாக்கால் 'த்ச் த்ச்' என்று சத்தம் மட்டும் கொடுப்பாள்.

ஆனால் கேலிக்கு எனக்கும் ஒரு முதல் இருந்தது. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே நான் விடாமல் செலவழித்து வந்த முதல். எங்கள் ஊரில் இடி இடித்தால் வாசலுக்கு வந்து மழை வருகிறதா என்று வானத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் வராது. இந்த ஊரில் துலா மாதம், அதாவது நம் ஐப்பசி, பிறந்தால் மத்தியானம் மூன்று மணிக்குக் கிழக்கே பொன்முடி மலைப் பக்கமிருந்து ஒரு உறுமல் கேட்கும். கேட்டதும் தெருவில் உள்ள அத்தனை வீட்டிலும் ஆட்கள் எழுந்து பிளக்கைப் பிடுங்குவார்கள். டிவி, ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாம். மின்னல் கம்பி வழியாக வந்து சாதனங்களை எரித்துவிடும் என்று பயம். பயம் பொய்யில்லை, பக்கத்து வீட்டு ரிடயர்டு டீச்சருக்கு இரண்டு டிவி அப்படிப் போயிருக்கிறது. மதிலுக்கு மேலே தலை நீட்டி, "ஃப்ரிட்ஜ் ஊரியோ?" என்று, பிடுங்கியாச்சா என்கிற பொருளில், டீச்சர் கேட்பார். "ஊரி டீச்சரே" என்று என் மனைவி பதில் சொல்லுவாள்.

அவள் வாசல் அறையில் ஆரம்பித்து வலமாகவே சுற்றி, சமையலறையில் முடிப்பாள். சின்ன செல்போன் சார்ஜரைக்கூட விடமாட்டாள். நான் அதற்குப் பிளக் பிரதட்சணம் என்று பெயர் வைத்தேன். "அம்பாள் எத்தனை சுத்து கேக்கா?" என்பேன். "சூடம் ஏத்தட்டுமா?" என்பேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு மூன்று முறை மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் காணாமல் போயிருக்கிறேன், இன்டர்நெட் பெட்டியின் பிளக்கை இவள் பிடுங்கியதால். என் மேனேஜர் பாலக்காட்டுக்காரர், கோபிக்காமல், "இடி வெட்டியோ?" என்று கேட்டார். அவருக்குப் புரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை. உங்கள் ஊர்ப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று அன்று சாப்பிடும்போதும் சொன்னேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

லேபில் ரத்தம் கொடுக்கும் பிள்ளைகள் கையை இரும்பு நாற்காலியின் கைப்பிடியில் வைப்பார்கள். அது குளிரும், குத்தும், பிள்ளை கையை இழுக்கும். அதற்காக அவள் ஒரு பலகை செய்யத் திட்டமிட்டாள். முழங்கை நீளத்துக்குப் பலாப் பலகை. நாலு ஓரமும் உருட்டி, நடுவில் ஒரு சின்னக் கை படுக்கிற அளவுக்கு மெல்லிய பள்ளம். முதலில் ஓரம் எடுக்கிற பிட், பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பள்ளம் எடுக்கிற பிட்.

"ஓரம் நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். ஒரு வருஷம் மேற்பார்வை பார்த்ததில் எனக்கும் கை அரித்தது.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தோளில் தோர்த்து இல்லை. கண்ணாடி, மாஸ்க், காது மூடி எல்லாம் மாட்டிக்கொண்டு நிலவுக்குப் போகிறவன் மாதிரி நின்றேன். பலகையை அவளே கிளாம்ப் போட்டு இறுக்கினாள்.

"இடது பக்கமிருந்து வலது பக்கம். மாத்திப் போனிய, மெஷின் உங்கள இழுத்துக்கிட்டு ஓடும். முழு வேகம் வந்த பொறவு மரத்தத் தொடுங்க. அமுக்காண்டாம், அதும்பாட்டுக்குப் போவும்."

"தெரியும். ஏழாவது விதி."

"ஏழாவது விதி எழுதுனவரு கையி ஏன் இப்பிடி விறைக்குது?"

நடுங்கத்தான் செய்தது. மூன்று ஓரம் முடிந்தபோது நின்றுவிட்டது. மஞ்சள் தூள் போலப் பலாத்தூள் மேசையெல்லாம் கிடந்தது. தடவிப் பார்த்தால் விளிம்பு குழந்தையின் தோள் மாதிரி இருந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு வயதில் என் கையால் ஒரு பொருள் ஒழுங்காக வருகிறது. நாலாவது ஓரத்தில் பாதி போயிருப்பேன், கிழக்கே ஒரு உறுமல். அடுத்த நொடி மெஷின் முனகி, சத்தம் இறங்கி, ஓய்ந்துவிட்டது. மேலே எரிந்த பல்பும் அணைந்தது.

"சாரே, அவிடெ கரண்ட் உண்டோ?" என்று மதிலுக்கு அப்பால் டீச்சர் குரல்.

"இல்ல டீச்சரே, இவிடெயும் போயி" என்றேன்.

பிட் முழுக்க நிற்கும் வரை காத்திருந்துவிட்டு மெஷினை மேசையில் சாய்த்து வைத்தேன். ஒன்பதாவது விதி. அவள் அதைக் கவனித்தாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இடி வெட்டிவிட்டதே, பிரதட்சணம் போக வேண்டாமா?

"கரண்டே இல்ல, பின்ன எதுக்குப் பிளக்கு?" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னேன். "அம்பாள் ரொம்பக் கோவக்காரி போலருக்கு."

உள்ளே டிவியின் பிளக்கைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

சும்மா இருப்பானேன் என்று தோன்றியது. நாலாவது ஓரத்தில் மிச்சமுள்ளதைப் பிறகு பார்க்கலாம். அவள் சுற்றி முடித்து வருவதற்குள் பிட்டை மாற்றி வைத்து அசத்திவிடலாம். பிட்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு என்று என் கண்ணுக்கு எதிரே, நான் அடித்து ஒட்டிய காகிதத்தில், முதல் வரியில் இருக்கிறது. அதை ஒரு பார்வை பார்த்ததும் உண்டு. என் டெஸ்டிங் மூளை உடனே ஒரு விளக்கம் சொன்னது: பிளக்கைப் பிடுங்குவது மின்சாரம் வராமல் இருக்க, மின்சாரமே இல்லாதபோது பிடுங்குவது வீண். குனிந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தேன். சிவப்பு லைட் அணைந்திருந்தது. மெஷினின் ஸ்விட்ச்சைப் பார்க்கவில்லை. தானாக நின்றுபோன மெஷினை யாராவது அணைப்பார்களா? சத்தம் ஓய்ந்ததும் அணைத்ததாகவே காது சொல்லிவிட்டது.

மெஷினோடு வந்த இரண்டு ஸ்பேனரையும் போட்டு, பிட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தினேன். பிட் இறுகிப் போய் உடனே வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மெஷினை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, இடது கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் பிட்டைப் பிடித்துத் திருகினேன். கொஞ்சம் அசைந்தது. இன்னொரு திருகு.

அப்போது கரண்ட் வந்தது.

என் தலைக்கு மேலே பல்பு எரிந்தது. உள் அறையில் ஃபேன் சுற்றும் சத்தம். டீச்சர் வீட்டில் மிக்ஸியோ என்னவோ பேயாகக் கத்தி நின்றது. பல்பின் வெளிச்சம் என் மடியில் விழுந்தது. மூன்று விரல்கள் பிட்டைச் சுற்றி இருந்தன. அதற்கு நாலு அங்குலம் மேலே ஸ்விட்ச், ஓடுகிற நிலையில்தான் இருந்தது.

மெஷின் ஓடவில்லை.

விரலை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்க வரவில்லை. கண் மட்டும் போனது. மேசைக்கடியில் பாக்ஸின் சிவப்பு லைட் எரியவில்லை. பாக்ஸிலிருந்து வயர் சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போகிறது. ஃப்ரிட்ஜ் பக்கத்தில், தரையில், இரண்டு பிளக் கிடந்தது. ஒன்று ஃப்ரிட்ஜினுடையது. மற்றது நான் பார்த்துக்கொண்டிருந்த வயரின் நுனி.

அவள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். என் விரலைப் பார்த்தாள், ஸ்விட்ச்சைப் பார்த்தாள். டம்ளர்களைத் தரையில் வைத்தாள். முதலில் வந்து ஸ்விட்ச்சை அணைத்தாள். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிட்டிலிருந்து விடுவித்து, மெஷினை வாங்கி மேசையில் வைத்தாள்.

"பிளக்க ஊருனியா?" என்று கேட்டேன்.

"இடி வெட்டுச்சுல்லா."

"நான் பிட்டு மாத்தப் போறேன்னு தெரிஞ்சா ஊருன?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஃப்ரிட்ஜ ஊரும்போ பக்கத்துல இது இருந்து. அதயும் ஊருனேன்."

அவ்வளவுதான். என்னைக் காப்பாற்ற அவள் ஒன்றும் செய்யவில்லை. எந்தப் பழக்கத்தை நான் கல்யாணமான நாள் முதல் சிரித்துக் கழித்தேனோ, அதைச் செய்தாள். சில நிமிஷத்துக்கு முன்னால்கூடச் சிரித்தேன். என் கிண்டலைக் கேட்டு ரோஷப்பட்டு, சரி, ஒரு நாள் பிடுங்க வேண்டாம் என்று அவள் திரும்பி வந்திருந்தால்? இதை நினைத்ததும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். வெட்கமாக இல்லை.

அவளும் எதிரே உட்கார்ந்தாள். என் இடது கையை மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொரு விரலாக அடியிலிருந்து நுனி வரை அழுத்திப் பார்த்தாள். பிள்ளைகளின் கையில் நரம்பு தேடுகிற அதே விரலால். நான் பல்லிக்காகக் காத்திருந்தேன். அன்றைக்குப் பல்லி வரவில்லை. முடித்ததும், ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை மறுபடியும் எண்ணினாள்.

"உன் வெரல நெனச்சுத்தான் அதெல்லாம் எழுதுனேன்" என்றேன். ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

"தெரியும்" என்றாள். "எனக்கு உங்க வெரலப் பத்தி நெனப்பே வரல்ல பாத்தியளா. அதுதான் இப்பம் பயமா இருக்கு."

காப்பி ஆறிப்போய்விட்டது. அப்படியே குடித்தோம். இடி இன்னும் கொஞ்ச நேரம் வெட்டிவிட்டு, மழை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே பிட்டை மாற்றினாள். ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கை ஊரி, ஊரிய பிளக்கை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். புது பிட்டை அடிவரை விட்டு, ஒரு நெல் அளவு வெளியே இழுத்து, நட்டை இறுக்கினாள். பள்ளம் அழகாக வந்தது. பாதியில் நின்ற நாலாவது ஓரத்தை மட்டும் எடுக்கவில்லை. "அது லேபுல சொவரோட ஒட்டுத பக்கம், பிள்ளைக கையி படாது. அப்பிடியே கெடக்கட்டும்" என்றாள். சுவரில் இருந்த காகிதத்தில், கோடு போட்டு அடித்த பதினான்குக்குப் பதிலாக அவள் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்தது. 'கரண்ட் போனா மொதல்ல ஸ்விட்ச், பின்ன பிளக். சிரிக்காண்டாம்.'

இப்போது துலா மாதத்தில் பிரதட்சணம் என் வேலை. முதல் உறுமல் கேட்டதும் மீட்டிங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். வாசல் அறையில் ஆரம்பித்து வலமாகவே சுற்றுகிறேன். "அம்பாள் எத்தனை சுத்து கேக்கா?" என்று அவள் கேட்பாள். கேட்கட்டும், அவளுக்கு இன்னும் பல வருஷம் பாக்கி இருக்கிறது.

போன மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். நான் அவளுடைய லேபுக்கே போய் வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது, பெரியவர்களுக்கு இரும்புக் கைப்பிடிதானே என்று இடது கையை அங்கே வைத்தேன். அவள் எடுத்துப் பலாப் பலகையில் வைத்தாள். என் கைக்குப் பள்ளம் போதவில்லை, விரல்கள் வெளியே வந்து சுவர்ப் பக்க ஓரத்தில் பட்டன. வழுவழுப்பாக வந்துகொண்டிருந்த விளிம்பு ஓரிடத்தில் சட்டென்று நின்று, அதற்குப் பிறகு கூராக இருந்தது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

"விரல மடக்குங்க" என்றாள், எல்லோரிடமும் சொல்கிற குரலில்.

மடக்கினேன். அவள் நரம்பைத் தேடவில்லை. என் மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. அஞ்சு" என்றாள். ஊசி போனது எனக்குத் தெரியவில்லை.